மாதத்தின் புதிய பாப், நடனப் பாடல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் முறை

ஒரு மாதத்தில் வெளிவந்த ஆங்கில பாப் பாடல்களிலும் நடனப் பாடல்களிலும் தமக்குப் பிடித்தவற்றைப் பட்டியலிட்டு நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் மாதத்தின் கடைசி நாளில் உட்கார்ந்து நினைவைத் துழாவி எழுதப்படும் பட்டியலில், கடைசிப் பத்து நாள்களில் கேட்ட பாடல்களும், ரீல்ஸ் காணொளிகளில் ஓயாமல் காதில் விழுந்த பாடல்களும்தான் பெரும்பாலும் இடம்பிடிக்கும். முதல் வாரத்தில் ஒருமுறை கேட்டு ரசித்து, பிறகு மறந்துபோன ஒரு நல்ல பாடல் அதில் வருவதே இல்லை. பட்டியல் போடுபவரின் ரசனையில் குறை இருப்பதால் இப்படி நேர்வதில்லை. வாரந்தோறும் செய்ய வேண்டிய சிறு வேலையை ஒரே நாளுக்குத் தள்ளிவைப்பதால்தான் நேர்கிறது. அந்த வேலையை எப்படிப் பிரித்துச் செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக 2024 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். அந்த மாதத்துப் பாடல்கள் பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது இப்போது தெரிந்த விஷயம் என்பதால், ஒரு முறை சரியானதுதானா என்று உரசிப் பார்க்க அது வசதியான மாதம். சாப்பல் ரோனின் ‘குட் லக், பேப்!’, சப்ரினா கார்ப்பென்டரின் ‘எஸ்பிரெசோ’, துவா லிபாவின் ‘இல்யூஷன்’, இருவர் கொண்ட பிரெஞ்சுக் குழுவான ஜஸ்டிஸின் ‘நெவரெண்டர்’ ஆகிய நான்கும் அந்த ஒரே மாதத்தில் வெளிவந்தவை. நான்கும் கேட்பவரிடம் நான்கு வேறு வழிகளில் வந்து சேர்ந்தவை.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுதல்

எந்தப் பாடல் இந்த மாதத்துக்கு உரியது என்ற கேள்விக்கு மாதம் தொடங்கும் முன்பே விடை வைத்திருக்க வேண்டும். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமையில் வெளியாவது பொது நடைமுறையாக இருக்கிறது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாயும் பிரிட்டனில் திங்களும் வெளியீட்டு நாள்களாக இருந்தன. எனவே மாதத்தை வெள்ளிக்கிழமைகளால் அளப்பதே எளிது. 2024 ஏப்ரலில் 5, 12, 19, 26 என நான்கு வெள்ளிகள். அடுத்து வந்த மே மாதத்தில் ஐந்து. ஐந்து வெள்ளிகள் உள்ள மாதத்தில் பாடல்களும் கூடுதலாக வரும் என்பதை இடங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

நேர வேறுபாடு ஒரு சிறிய சிக்கல். நியூயார்க்கில் கோடைக்காலத்து வியாழன் இரவு ஏழு மணி என்பது நமக்கு வெள்ளி அதிகாலை நாலரை மணி. ஆகவே அங்கே வியாழன் என்று பதிவான ஒரு பாடல் நமக்கு வெள்ளியில் வந்ததாக இருக்கலாம். எந்த நாட்டுத் தேதியைக் கணக்கில் கொள்கிறோம் என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, அதை மாற்றாமல் இருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆல்பங்களால் வருவது. இப்போதெல்லாம் ஓர் ஆல்பத்தின் மூன்று நான்கு பாடல்கள் முன்கூட்டியே சிங்கிளாக, அதாவது தனிப் பாடலாக, வந்துவிடுகின்றன. ‘இல்யூஷன்’ ஏப்ரலில் வந்தது. அது இடம்பெற்ற ‘ராடிகல் ஆப்டிமிஸம்’ ஆல்பம் மே 3-இல் வந்தது. இத்தகைய பாடலை முதன்முதலில் எந்த மாதத்தில் கேட்க முடிந்ததோ அந்த மாதத்துக்கே வைத்துக்கொள்வது முறை. மாறாக, ‘நெவரெண்டர்’ முன்கூட்டி வரவில்லை. ஜஸ்டிஸ் குழு ‘ஹைப்பர்டிராமா’ ஆல்பத்துக்காக ஜனவரியிலேயே வேறு இரண்டு பாடல்களை வெளியிட்டிருந்தது. ஆல்பத்தின் முதல் பாடலாக அமைந்த ‘நெவரெண்டர்’ ஏப்ரல் 26-இல்தான் ஆல்பத்தோடு சேர்ந்து வந்தது. சிங்கிள்களை மட்டும் கேட்டுப் பட்டியல் போட்டவருக்கு இந்தப் பாடல் அப்போது கண்ணிலேயே பட்டிருக்காது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடன, மின்னிசைப் பதிவுக்கான கிராமி விருதை இதே பாடல் பெற்றது.

பழைய பாடல் திடீரென்று மறுபிறவி எடுப்பதும் உண்டு. சோஃபி எல்லிஸ்-பெக்ஸ்டரின் ‘மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்’ 2001-இல் வெளிவந்து பிரிட்டனில் இரண்டாம் இடத்தைப் பிடித்த பாடல். ‘சால்ட்பர்ன்’ திரைப்படத்தில் ஒலித்த காரணத்தால் 2024 ஜனவரியில் மறுபடியும் அதே இரண்டாம் இடத்துக்கு வந்து நின்றது. அந்த மாதம் முழுக்க எல்லோரும் கேட்ட பாடல் அதுவாகவே இருந்தாலும், புதிய பாடல்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. பட்டியலுக்கு வெளியே ஒரு வரி எழுதி மரியாதை செய்துவிடலாம். ஒரே பாடலின் வேகம் கூட்டிய பதிப்பு, வேகம் குறைத்த பதிப்பு, பாடகர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்த பதிப்பு ஆகியவை அனைத்தையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். ரீமிக்ஸ் மட்டும் விதிவிலக்காகலாம்: அசல் பாடலின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் புதிதாகக் கட்டியிருந்தால், அதைத் தனிப் பாடலாக ஏற்பதில் தவறில்லை.

வெள்ளிக்கிழமை வேலை

ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பிளேலிஸ்ட்களைத் தொடங்கிக்கொள்ளுங்கள். முதலாவது வெறும் சேகரிப்பு, இரண்டாவது தேர்வு. வெள்ளிக்கிழமை கேட்கும்போது கொஞ்சம் பிடித்திருந்தாலும் பாடலைச் சேகரிப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அன்று தீர்ப்பு எதுவும் கூடாது. இரண்டாவது பிளேலிஸ்டை அடுத்த வியாழன்வரை தொடவே கூடாது. இந்த ஒரு வார இடைவெளிதான் முழு முறையின் அச்சாணி. ஐந்து நாள் கழிந்த பின்னும் தேடிப்போய்க் கேட்கத் தோன்றும் பாடல் எது, முதல் கேட்பில் மட்டும் பளிச்சென்று இருந்த பாடல் எது என்பதை அந்த இடைவெளி தானாகவே பிரித்துக் காட்டிவிடும்.

எங்கே தேடுவது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற செயலிகள் உங்களுக்கென்றே தயாரித்துத் தரும் வாராந்திரப் பட்டியல், நீங்கள் ஏற்கெனவே கேட்டவற்றை ஒட்டியதையே கொண்டுவரும். அதை மட்டும் நம்பியிருந்தால் ஆறு மாதத்தில் உங்கள் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று நகல்களாகிவிடும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான வெள்ளிக்கிழமைப் புதுவரவுப் பட்டியல் ஒன்றையும், மனிதர் ஒருவர் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பும் நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. நடன இசைக்கு பிபிசி ரேடியோ 1 நீண்ட காலமாக நம்பகமான வாசல். 1993-இல் தொடங்கிய ‘எசென்ஷியல் மிக்ஸ்’ நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் ஒரே டிஜே பாடல்களைக் கோத்து வாசிப்பதைக் கேட்டால், தனியாகக் கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் ஒரு பாடல் மற்றொன்றின் அருகில் எப்படி உயிர்பெறுகிறது என்பது புரியும். டிஜேக்கள் பாடல் வாங்கும் பீட்போர்ட் தளத்தில் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் என்று வகைவாரியாகப் புதுவரவுகள் கிடைக்கின்றன. பாப் பட்டியல்களில் தலைகாட்டாத பாடல்களை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

சில வெள்ளிகளில் வெள்ளம் வரும். 2024 ஏப்ரல் 19 அப்படிப்பட்ட நாள். டெய்லர் ஸ்விஃப்ட் ஓர் ஆல்பத்தை வெளியிட்டு, இரண்டு மணி நேரத்தில் மேலும் 15 பாடல்களைச் சேர்த்து மொத்தம் 31 பாடல்களாக்கினார். அத்தகைய வாரத்தில் அந்த ஒருவரையே கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற எல்லோரும் தப்பிப் போய்விடுவார்கள். பெரிய ஆல்பத்தை வெள்ளிக்கிழமை தொடாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. பெரிய பெயர் எங்கும் ஓடிப்போகாது, சிறிய பெயர்தான் மறுநாளே கண்ணிலிருந்து மறையும்.

கேட்கும் முறை

இரண்டு பாடல்களை ஒப்பிடும்போது எதன் ஒலி சற்று உரத்து இருக்கிறதோ அதுவே சிறந்தது என்று காது சொல்லிவிடும். இது மனிதக் காதின் இயல்பு. இதற்கு விலக்கானவர் யாரும் இல்லை. ஆகவே செயலியின் அமைப்பில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை அதை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமன் செய்கிறது. இது ஒன்றைச் செய்தாலே, வெறும் சத்தத்தால் மயக்கிய பாதிப் பாடல்கள் தம் உண்மையான உயரத்துக்கு இறங்கிவிடும்.

அடுத்தது கருவி. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். பாப் பாடலுக்குக் குரலும் மெட்டும் முதன்மை என்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். நடனப் பாடலின் கிக் டிரம்மும் பேஸும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் குடியிருக்கின்றன. கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு ஒரு ஹவுஸ் பாடலைத் தள்ளுபடி செய்வது அநியாயம். குறைந்தது ஒருமுறை நல்ல காதொலிக் கருவியிலும், ஒருமுறை அறையில் வைக்கும் ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். நடனப் பாடல் என்றால் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள். நடந்துகொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ கேட்கும்போது உடல் தானாக அசைகிறதா என்பதுதான் அந்தப் பாடல் தன் வேலையைச் செய்கிறதா என்பதற்கான முதல் சோதனை.

வேகத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கமும் உதவும். ஹவுஸ் இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 பீட்வரை ஓடும். டிரம் அண்ட் பேஸ் 170-ஐத் தாண்டும். தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ 112 அளவில் நிதானமாக ஆடும். ‘எஸ்பிரெசோ’வின் வேகம் சுமார் 104 மட்டுமே. ஆனாலும் அது நடனப் பாடலாக ஒலிக்கிறது. காரணம், அதன் பேஸும் கிட்டாரும் டிஸ்கோ பாணியில் பீட்டுக்குப் பீட் முன்னே இழுத்துச் செல்கின்றன. வேகம் ஒன்றே ஆட வைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு பாடலைக் கூர்ந்து கேட்டால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். நடனப் பாடலுக்கு ‘எக்ஸ்டெண்டட் மிக்ஸ்’ எனப்படும் நீட்டித்த பதிப்பு கிடைக்குமானால் அதையும் கேட்க வேண்டும். வானொலிக்கான மூன்று நிமிடப் பதிப்பில் ஏற்றமும், அதற்குப் பின் பீட் முழு வலுவோடு இறங்கும் டிராப்பும் அவசரமாக நடந்து முடிந்துவிடும். ஐந்தாறு நிமிடப் பதிப்பில்தான் காத்திருப்பின் சுகம் இருக்கிறது.

பாடலை முடிவுவரை கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு கேட்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், பாடலின் கவர்ச்சியைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடும் போக்கு பெருகியிருக்கிறது. நாமும் அதற்கேற்ப அரை நிமிடத்தில் தாவும் கேட்பவர்களாகிவிட்டோம். ‘குட் லக், பேப்!’ பாடலை அப்படிக் கேட்டவருக்கு அதன் மிகத் துணிச்சலான இரண்டு இடங்களும் கிடைக்காமல் போயிருக்கும்: இறுதிப் பகுதிக்கு முன் குரல் உச்சத்துக்கு ஏறிக் குமுறும் இடம் ஒன்று, எல்லாம் முடிந்தபின் ஒலிநாடா சிக்கியதுபோல் பாடல் வேகம் குறைந்து இழுபட்டு அடங்கும் இடம் மற்றொன்று. ஒரு பாப் பாடலின் பல்லவி நன்றாக இருப்பது அடிப்படைத் தகுதி மட்டுமே. மூன்றாவது நிமிடத்தில் அது புதிதாக ஏதாவது சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதன்மை அளவுகோல்.

வரிகளைப் பற்றி ஒன்று. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாம் முதல் இரண்டு கேட்புகளில் வரிகளைப் படிக்காமல் இருப்பதே நல்லது. சொற்களின் ஓசை தாளத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை அப்போது தெளிவாகக் கேட்கலாம். மூன்றாம் முறை படித்துப் பொருள் காணலாம். ‘எஸ்பிரெசோ’வின் பல்லவி வரி இலக்கணப்படி சரியில்லை என்று ஆங்கிலம் பேசுபவர்களே விவாதித்தார்கள், ஆனால் அந்த வரியின் அசைகள் பேஸின் மேல் உட்காரும் அழகுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

பழைய மெட்டைக் கடன் வாங்கும் பாடல்களில் மட்டும் கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டும். 2022-இல் டேவிட் கெட்டாவும் பீபி ரெக்ஸாவும் வெளியிட்ட ‘ஐ’ம் குட்’ பாடல், ஐஃபல் 65 குழுவின் 1998-ஆம் ஆண்டு ‘புளூ’ மெட்டின் மேல் எழுந்தது. இப்படிப்பட்ட பாடல் பிடித்திருந்தால், அசலை ஒருமுறை கேட்டுவிட்டு உடனே புதியதைக் கேளுங்கள். புதியதில் சேர்ந்தது என்ன என்று ஒரு வரியில் எழுத முடியவில்லையெனில், உங்களுக்குப் பிடித்திருப்பது அசல்தான்.

பெயர்களைப் படித்தல்

பாடகரின் பெயரோடு நின்றுவிடாமல், எழுதியவர், தயாரித்தவர் பெயர்களையும் செயலியிலேயே பார்க்கலாம். இதைச் செய்பவருக்கு 2024 ஏப்ரல் ஒரு சிறிய மகிழ்ச்சியைத் தந்தது. ‘இல்யூஷன்’ பாடலைத் தயாரித்தவர்கள் டேனி எல் ஹார்லும் கெவின் பார்க்கரும். ‘நெவரெண்டர்’ பாடலில் ஜஸ்டிஸோடு சேர்ந்திருப்பது டேம் இம்பாலா, அதாவது அதே ஆஸ்திரேலியர் கெவின் பார்க்கர். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், மினுங்கும் சிந்தசைசர் ஒலியும் மிதக்கும் குரலும் உறவினர்போல் ஒன்றையொன்று அடையாளம் காட்டும். இப்படி ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் அடுத்த மாதம் எங்கே தேடுவது என்பதற்கும் வழி கிடைத்துவிடுகிறது. வாராந்திரச் செயலிப் பட்டியலைவிட இந்த வழி எனக்கு எப்போதும் அதிகமாகப் பலன் தந்திருக்கிறது.

தரவரிசைகளை எப்போது பார்ப்பது

உங்கள் தேர்வு முடிந்த பிறகு பாருங்கள்; அதற்கு முன் வேண்டாம். தரவரிசை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் கூறும். அதுவும் அந்தந்த நாட்டு விதிகளின்படியே கூறும். மேலே சொன்ன ஸ்விஃப்ட் ஆல்பம் வந்த வாரத்துக்குரிய, 2024 மே 4 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், முதல் 14 இடங்களையும் அவர் ஒருவரே நிரப்பினார். பிரிட்டனின் அதிகாரபூர்வப் பட்டியலில் அது நடக்க வழியே இல்லை. ஒரு முதன்மைக் கலைஞருக்கு ஒரே வாரத்தில் மூன்று பாடல்களுக்கு மேல் இடமில்லை என்று 2017-இல் அங்கே விதி செய்துவிட்டார்கள். கேட்ட பாடல்கள் ஒன்றுதான். இரண்டு நாடுகளும் காட்டிய படங்கள் வேறு.

காலதாமதமும் உண்டு. ‘குட் லக், பேப்!’ ஹாட் 100-இல் நுழைந்தபோது அதன் இடம் 77. மேடை நிகழ்ச்சிகளின் வழியாக ஆள் ஆளாய்ப் பரவி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் 4-ஆம் இடத்தைத் தொட்டது. ஏப்ரல் இறுதியில் தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போட்டவர் அதைச் சேர்த்திருக்க மாட்டார். ‘எஸ்பிரெசோ’ தொடக்கத்திலிருந்தே மேலே இருந்தது. அமெரிக்காவில் 3-ஆம் இடம்வரையும் பிரிட்டனில் முதலிடம்வரையும் சென்றது. பெருவெற்றி பெற்றதாலேயே ஒரு பாடலைத் தள்ளிவைக்கும் வீம்பு சிலருக்கு உண்டு. அதுவும் தரவரிசைக்கு அடிமைப்படுவதன் இன்னொரு வடிவம்தான்.

முடிவெடுத்தல்

கடைசி வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்துப் பட்டியலை மூடுங்கள். 26-ஆம் தேதி வந்த பாடலுக்கு 5-ஆம் தேதி வந்த பாடலுக்குக் கிடைத்த அவகாசம் கிடைக்காது என்பதால், இந்தக் கூடுதல் வாரம் அதற்குச் செலுத்தும் நியாயம். இடங்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்ட வேண்டாம்; மெலிந்த மாதமாக இருந்தால் ஆறோடு நிறுத்திவிடலாம். பத்தை நிரப்புவதற்காக ஒன்பதாவதையும் பத்தாவதையும் வலிந்து சேர்த்த பட்டியலை அனுபவமுள்ள வாசகர் உடனே கண்டுகொள்வார். பாப்பையும் நடன இசையையும் இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. ‘இல்யூஷன்’ போன்ற பாடலை எந்தப் பக்கம் வைப்பது என்று வாதாடுவதில்தான் பொழுது போகும்.

ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ‘அருமை’, ‘அட்டகாசம்’ போன்ற சொற்களைத் தவிர்த்து, எந்த நொடியில் எது நடக்கிறது என்று எழுதினால் படிப்பவர் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கேட்பார். வரிசைப்படுத்தும்போது, எண்ணிட்ட தரவரிசை ஒன்றும், கேட்பதற்கான வரிசை ஒன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். முதலாவது உங்கள் தீர்ப்பு. இரண்டாவது, மெதுவான பாடலில் தொடங்கி வேகம் ஏறி மறுபடியும் தணிவதாக அமைந்தால் ஒரே மூச்சில் கேட்க இதமாக இருக்கும்.

இந்த முறைப்படி 2024 ஏப்ரலுக்கு நான் வைக்கும் வரிசையில் ‘குட் லக், பேப்!’ முதலிடம் பெறுகிறது. ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் கோபம், கிண்டல், இரக்கம் ஆகிய மூன்றையும் ஒரே குரலில் ஏற்றிக் காட்டிய பாடல் அந்த மாதத்தில் வேறு இல்லை. இரண்டாவது ‘நெவரெண்டர்’, ஒலிபெருக்கியில் கேட்ட பிறகு அதற்குக் கிடைத்த இடம் இது. ‘எஸ்பிரெசோ’ மூன்றாவது, குறை சொல்ல எதுவும் இல்லாத பாடல், ஆனால் ஒரு வாரத்துக்குள் தன் எல்லா இரகசியங்களையும் சொல்லி முடித்துவிட்டது. ‘இல்யூஷன்’ பல்லவியின் துள்ளலால் நான்காவது இடத்தில் நிற்கிறது. ஏப்ரல் பட்டியலை மூடும் நாளும் துவா லிபாவின் முழு ஆல்பம் வந்த மே 3-உம் ஒன்றாக அமைந்துவிட்டதால், ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்பே ‘இல்யூஷன்’ பாடலின் இடத்தை எழுதி வைத்துவிட வேண்டும். ஆல்பத்தின் மற்ற பாடல்கள் மே மாதச் சேகரிப்புக்கு உரியவை.